எண்ணிக்கையில் சேராத முதற் கிண்ணம்

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது உடல்நலக் கட்டுரை. நீரிழிவு பற்றியும் கல்சியம் பற்றியும் நம் சகோதரிகள் போதியளவு வாசித்திருப்பார்கள் என்ற துணிவில், நெடுநாளாக என் மனதைப் பிடித்து வைத்திருக்கும் ஓர் உதைபந்தாட்ட அணியின் வரலாற்றை எழுதுகிறேன். அது நமது அணியன்று. ஐக்கிய அமெரிக்காவில், நோர்த் கரோலினா மாநிலத்தின் சப்பல் ஹில் என்ற ஊரிலுள்ள அரச பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணி. ‘டார் ஹீல்ஸ்’ என்று அழைப்பார்கள்.

இந்த அணி வென்ற தேசியப் பட்டங்கள் எத்தனை என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 22 என்கும். பல்கலைக்கழகம் 23 என்கும். இரண்டும் சரிதான். அந்த ஒன்று எங்கே போயிற்று என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

கதை மைதானத்தில் தொடங்கவில்லை. ஹவாயிலிருந்து காங்கிரஸுக்குத் தெரிவான பற்சி மிங்க் இளமையில் வைத்தியராக விரும்பியவர். 1940களின் இறுதியில் அவர் விண்ணப்பித்த மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றுகூட அவருக்கு இடம் தரவில்லை. வேறு வழியின்றிச் சட்டம் படித்து அரசியலுக்கு வந்தார். அரசின் நிதியைப் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று வேறுபாடு காட்டக்கூடாது என்ற 1972ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்நின்று கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். ‘ஒன்பதாம் தலைப்பு’ எனப்படும் அந்தச் சட்டவாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. வைத்தியராக முடியாமற்போன ஒரு பெண்ணின் கை பட்ட சட்டம் உதைபந்தாட்ட மைதானத்தின் கதவையும் திறந்துவிட்டது. மருத்துவபீடத்தில் இடம் கிடைப்பதை இயல்பாக எடுத்துக்கொண்ட என் தலைமுறைக்காரி ஒருத்திக்கு இது சற்று நின்று யோசிக்க வேண்டிய செய்தி.

சட்டம் வந்ததும் அணி தானாக முளைத்துவிடவில்லை. சப்பல் ஹில் மாணவியர் தாமாகவே ஒரு கழகம் அமைத்து விளையாடி வந்தார்கள். பின்னர் விளையாட்டுப் பணிப்பாளரிடம் போய், எங்களைப் பல்கலைக்கழகத்தின் முறையான அணியாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். 1979இல் அணி பிறந்தது. பயிற்றுநராக வந்தவர் அன்சன் டொரன்ஸ். அப்போது அவர் ஆண்கள் அணியின் பயிற்றுநர், சட்டக்கல்லூரி மாணவரும்கூட. சட்டப் படிப்பை விட்டுவிட்டு, 1988 வரை இரண்டு அணிகளையும் அவரே பார்த்துக்கொண்டார். பின்னாளில் எழுதப்பட்ட கதைகளில் அவர் பெயர்தான் பெரிதாக நிற்கிறது. போய்க் கேட்ட பெண்களின் பெயர்களை எவரும் சொல்வதில்லை.

அக்காலத்தில் கல்லூரிப் பெண்களின் விளையாட்டை நடத்தியது என்.சி.ஏ.ஏ. அன்று. 1971இல் உடற்கல்வி ஆசிரியைகள் உருவாக்கிய, பெண்களே தலைமைதாங்கி நடத்திய ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற தனிச் சங்கம். நூற்றுக்கணக்கான கல்லூரிகள் அதில் உறுப்புரிமை பெற்றிருந்தன. வியாபாரம் விளையாட்டைக் கெடுத்துவிடும் என்று அஞ்சித் தொடக்கத்தில் விளையாட்டுப் புலமைப்பரிசில்களைக்கூட அது அனுமதிக்கவில்லை. வழக்கொன்று வந்த பின்னரே இறங்கி வந்தது. 1981இல் அச்சங்கம் முதன்முறையாகப் பெண்களுக்கான தேசிய உதைபந்தாட்டப் போட்டியை நடத்தியபோது, கிண்ணத்தை வென்றது சப்பல் ஹில் அணி.

அவ்வாண்டே என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கும் போட்டிகள் நடத்தத் தீர்மானித்தது. அதனிடம் பணம் இருந்தது, தொலைக்காட்சி இருந்தது. கல்லூரிகள் அந்தப் பக்கம் நகர்ந்தன. பெண்களின் சங்கம் 1982இல் பணிகளை நிறுத்தியது. நீதிமன்றம் போயும் தோற்றது. 1982இல் புதிய சங்கத்தின் முதற் கிண்ணத்தையும் சப்பல் ஹில்லே வென்றது. விளையாடியவர்கள் பெரும்பாலும் அதே பிள்ளைகள், பயிற்றுநர் அதே ஆள். ஆனால் தேசியச் சங்கத்தின் பட்டியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1981 வெளியே நின்றுவிட்டது.

அதன்பின் நடந்தது நம்புவதற்குக் கடினமானது. 1986 முதல் 1994 வரை தொடர்ந்து 9 ஆண்டுகள் சம்பியன். 1990 வரையான காலத்தில் 103 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. பிறகு தொடர்ந்து 92 வெற்றிகள். மியா ஹாம் அங்கே ஆடிய 95 ஆட்டங்களில் தோற்றது ஒன்றில் மட்டும். 1991இல் சீனாவில் பெண்களுக்கான முதல் உலகப் போட்டி நடந்தபோது அமெரிக்க அணியின் 18 பேரில் 9 பேர் இந்த ஒரு பல்கலைக்கழகத்தவர். பயிற்றுநரும் டொரன்ஸ்தான். இறுதியாட்டத்தில் நோர்வேயை 2–1 என வென்றார்கள். அந்தப் போட்டிக்கு ‘உலகக் கிண்ணம்’ என்ற பெயரைக் கொடுக்க ஃபிஃபாவுக்கு அப்போது மனம் வரவில்லை. ஆட்டமும் 80 நிமிடங்கள்தான். பெண்களால் 90 நிமிடம் தாங்காது என்று நினைத்தார்களோ என்னவோ! இன்று அதே ஃபிஃபா 1991ஐத்தான் முதலாவது பெண்கள் உலகக் கிண்ணமாக எண்ணுகிறது. மனம் வைத்தால் பின்னோக்கியும் எண்ணலாம்.

இந்த வெற்றிகளின் இரகசியம் என்று சொல்லப்படுவது பயிற்சிமுறை. ஒவ்வொரு பயிற்சியிலும் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடவேண்டும். ஒவ்வொன்றும் பதிவு செய்யப்படும். யார் முதலாவது, யார் கடைசி என்று எல்லோரும் பார்க்கப் பட்டியல் தொங்கும். சிநேகிதியைத் தோற்கடிக்கப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள், அந்தக் கூச்சத்தை மைதானத்துக்கு வெளியே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது டொரன்ஸின் கருத்து. நமக்குப் பட்டியல் புதிதல்ல. தவணைப் பரீட்சையில் எத்தனையாம் பிள்ளை என்று தேர்ச்சி அறிக்கையில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். புத்தகத்தில் முந்தலாம், மைதானத்தில் மட்டும் அடக்கமாக இருக்கவேண்டும் என்ற எழுதாத விதி நம்மிடமும் இருந்ததல்லவா? எனினும் வைத்தியராக ஒன்று சொல்லாமல் விட முடியாது. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற இணைப்புநார் அறுவது, உதைபந்தாடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்குக் குறையாமல் நிகழ்கிறது. முறையான ஆயத்தப் பயிற்சி அதைக் கணிசமாகக் குறைக்கும். மகள்மாரை மைதானத்துக்கு அனுப்பும் தாய்மார் பயிற்றுநரிடம் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

புகழ்பாடி முடிக்கக்கூடிய கதையுமன்று இது. 1998இல் முன்னாள் வீராங்கனைகள் இருவர், பயிற்றுநர் தம் அந்தரங்க வாழ்வு பற்றித் தகாத முறையில் பேசினார் என்று வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் கையிலெடுத்ததும் அதே 1972ஆம் ஆண்டுச் சட்டம். ஒருவரின் வழக்கு 2008 வரை இழுபட்டு, 385,000 டொலர் கொடுப்பனவுடனும் பயிற்றுநரின் எழுத்துமூல மன்னிப்புடனும் இணக்கத்தில் முடிந்தது. தவறான நோக்கம் எதுவும் இருக்கவில்லை என்று அவர் மறுத்தே வந்தார். கிண்ணங்களின் பட்டியலைப் படிப்பவர்கள் இந்தப் பத்து ஆண்டுகளையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1972இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்றுநர்கள். பணமும் பதவியும் வந்தபின் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. சப்பல் ஹில் மாணவியும் 1991 உலக சம்பியன் அணியின் தலைவியுமான ஏப்ரல் ஹைன்றிக்ஸ் பின்னர் தேசிய அணியின் பயிற்றுநராகி 2004 ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். அந்த அணிக்கு நிரந்தரத் தலைமைப் பயிற்றுநரான முதற் பெண் அவர்தான். சப்பல் ஹில்லிலோ 45 ஆண்டுகள் ஒரே ஆண். 2024 ஓகஸ்ட்டில் அவர் ஓய்வுபெற்றார். அவருடைய இடத்துக்கு உதவியாளராக இருந்த டேமன் நஹாஸ் வந்தார். அந்த டிசெம்பரிலேயே வேக் ஃபொரஸ்ட்டை 1–0 என வென்று, 12 ஆண்டுகளுக்குப் பின் அணி மீண்டும் சம்பியனானது. அதுதான் அந்த 22ஆவது, அல்லது 23ஆவது.

பெண்களின் சங்கம் கலைந்துபோனதால் அது வழங்கிய கிண்ணத்துக்கு வாரிசு இல்லாமற் போயிற்று. பல்கலைக்கழகம் தன் ஏட்டில் குறித்து வைத்திருப்பதால்தான் 1981 இன்றும் பேசப்படுகிறது. நமது சங்கத்துக்கு இப்போது 100 வயது. பாடசாலை மண்டபச் சுவரில் தொங்கும் பழைய வலைப்பந்தாட்ட அணிப் படங்கள் சிலவற்றின் கீழே பெயர்கள் அழிந்துவிட்டன, சிலவற்றில் ஆண்டுகூட இல்லை. அப்படங்களில் நிற்பவர்களை அடையாளம் காணக்கூடிய மூத்த சகோதரிகள் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இன்னும் இருக்கிறார்கள். பெயரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள்.