வியன்னாவில் விழுந்த இடி

1931-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் தேதி, ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் ஒரு பாங்கின் நஷ்டக் கணக்கு பகிரங்கமாயிற்று. கிரெடிட் அன்ஸ்டால்ட் என்பது அதன் பெயர். ராத்சைல்டு குடும்பத்தாரின் முயற்சியால் 1855-இல் தோன்றியது, தேசத்திலேயே பெரியது. நஷ்டம் 14 கோடி ஆஸ்திரிய ஷில்லிங். பங்கு மூலதனமோ பன்னிரண்டரைக் கோடிதான். மூழ்கிக்கொண்டிருந்த மற்றொரு பாங்கை, 1929-இல் சர்க்காரின் வற்புறுத்தலுக்கு இணங்கித் தன் தலையில் சுமந்துகொண்டதே இந்த வீழ்ச்சிக்கு ஒரு முக்கிய காரணம்.

இச்செய்தி எவ்வாறு பரவியது என்பதே நாம் கவனிக்கத்தக்கது. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்காரன் தன் கூரையை நனைக்க ஓடுவான். கடன் கொடுத்தவனோ, அடுத்த வீட்டில் தான் வைத்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அன்னியர் ஜெர்மனிக்குக் குறுகிய தவணையில் கொடுத்திருந்த பணத்தை அவ்வாறே திருப்பிக் கேட்கத் தொடங்கினர். அங்கே ஒரு பெரிய கம்பளி நூல் ஆலை நொடித்தது; அதற்குக் கடன் கொடுத்திருந்த டானட் பாங்கு ஜூலை 13-ஆம் தேதி கதவை மூடிற்று. ஜெர்மன் சர்க்கார் பணம் வெளியேறாதபடி தடை விதித்தது.

தடை விதித்ததும் பயம் நின்றிருக்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை, கடல் கடந்து லண்டனுக்குத் தாவியது. லண்டன் பாங்குகள் ஜெர்மனிக்குக் கொடுத்த பணம் அங்கே முடங்கிவிட்டது. ஆனால் அன்னியர் லண்டனில் போட்டிருந்த பணத்தையோ கேட்ட மாத்திரத்தில் கொடுத்தாக வேண்டும். வரவு உறைந்து, செலவு மட்டும் ஓடுகின்ற கணக்கு எத்தனை நாள் தாங்கும்? ஜூலை நடுவிலிருந்து இரண்டே மாதங்களில் 20 கோடி பவுனுக்கு மேல் வெளியேறியது. செப்டம்பர் 21-ஆம் தேதி, பவுனுக்குத் தங்கம் கொடுக்கும் பொறுப்பைப் பிரிட்டன் கைவிட்டது.

அந்தப் பவுனுடன் நமது ரூபாய் பிணைக்கப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ் என்பது விகிதம். பவுன் தங்கத்தை விட்டு இறங்கிய பிறகும், சில நாள் குழப்பத்துக்குப் பின், அதே 18 பென்ஸ் விகிதமே இந்தியாவில் நிலைநிறுத்தப்பட்டது. பவுனோடு ரூபாயும் இறங்கவே, தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. முன்பு தோலா 21 ரூபாய்ச் சில்லறையாக இருந்த விலை, ஆண்டு முடிவதற்குள் 30 ரூபாயை நெருங்கியது.

இவ்விலையேற்றத்தை இலாபம் என்று சொல்வோரும் அன்று இருந்தனர். நாம் அவ்வாறு கருதவில்லை. 1929-இலிருந்தே விளைபொருள்களின் விலை சரிந்து, ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. நிலவரியும் வட்டியும் மட்டும் பழைய அளவிலேயே நின்றன. நெல்லையும் பருத்தியையும் விற்றுக் கட்ட முடியாத கிஸ்தியை, மனைவியின் கழுத்திலும் கையிலும் கிடந்ததை விற்றுக் கட்டினான் குடியானவன். கிராமத்து நகைக்கடையில் நிறுக்கப்பட்ட வளையல்களும் அட்டிகைகளும் உருக்கப்பட்டுப் பம்பாய்த் துறைமுகம் சேர்ந்தன. அங்கிருந்து கப்பலேறி லண்டன் சென்றன. 1931-32-ஆம் ஆண்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தங்கம் இவ்வாறு வெளியேறியது. எத்தனையோ தலைமுறைகளாகத் தங்கத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த தேசம் இது! அதுவே லண்டனுக்குத் தங்கம் அனுப்பி, பவுனுக்கு முட்டுக்கொடுத்தது. வியன்னாவின் பெயரைக்கூட அந்தக் குடியானவன் கேட்டிருக்க மாட்டான்.

இந்திய வர்த்தக சங்கங்கள் தங்க ஏற்றுமதியைத் தடை செய்ய வேண்டும் என்று கோரின. சர்க்கார் இசையவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளிலும் தங்கம் கப்பலேறிக்கொண்டே இருந்தது.