பழைய அம்பாசிடருக்கு டர்போ என்ஜினா? கை வைக்கும் முன் இதை படிங்க!

அம்பாசிடர் கார் ரோட்டில் போனால் இன்றைக்கும் திரும்பி பார்க்காதவர்கள் குறைவு. மேற்கு வங்காள மாநிலம் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-ம் ஆண்டு மே மாதத்தோடு இதன் உற்பத்தி நின்று விட்டது. ஆனாலும் தாத்தா வாங்கியது, டாக்சியாக ஓடி குடும்பத்துக்கு சோறு போட்டது என்று பாசத்தோடு வாசலில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் ஏராளம்.

வண்டி மேல் ஆசை இருக்கிறது. ஆனால் என்ஜினுக்கு வயசாகி விட்டது. பழைய பெட்ரோல் அம்பாசிடரில் இருப்பது 1489 சி.சி. என்ஜின். பைபாஸ் ரோட்டில் இன்றைய கார்களோடு ஓட முடியாமல் மூச்சு வாங்கும். ‘புதுப்பேட்டையில டர்போ டீசல் என்ஜின் கிடைக்குது, வீட்டு ஷெட்லயே மாட்டிடலாம், ஒரு வாரத்து வேலை’ என்று யாராவது சொன்னால் மனசு தடுமாறத்தான் செய்யும்.

என்ஜினை ஏற்றுவது முடியாத காரியம் இல்லை. ஆனால் அதோடு பிரேக்கும் ஆர்.சி. புத்தகமும் சேர்ந்து மாற வேண்டும். அங்கே தான் பலர் மாட்டிக் கொள்கிறார்கள். கையில் ஸ்பேனர் எடுக்கும் முன் தெரிந்து கொள்ள வேண்டியவை இதோ:

டர்போ என்றால் என்ன?

சைலன்சர் வழியாக வீணாக போகும் புகையின் வேகத்தில் ஒரு சின்ன சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கும். அது வெளிக்காற்றை இழுத்து அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் டீசலும் அதிகம் எரியும். இழுவையும் கூடும். அவ்வளவு தான் டர்போ.

இந்த தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதை காப்பாற்றுவது என்ஜின் ஆயில் மட்டுமே. டர்போவில் இருந்து ஆயில் திரும்பும் பைப் நேராக கீழ் நோக்கி இறங்க வேண்டும். இடம் பத்தவில்லை என்று வளைத்து மேலே ஏற்றினால் ஆயில் தேங்கி சீல் வழியாக கசியும். காயலான் கடையில் என்ஜின் வாங்கும்போது டர்போ சக்கரத்தை விரலால் ஆட்டி பாருங்கள். உள்ளே வெளியே தள்ளாடினாலோ, சுற்று ஓடில் உரசினாலோ அதை வாங்க வேண்டாம்.

தூக்கும்போது உஷார்!

ஒரு டீசல் என்ஜினின் எடை இரண்டு ஆள் எடையை தாண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டின் இரும்பு பைப்பில் செயின் பிளாக்கை மாட்டி தூக்குவது தற்கொலைக்கு சமம். அதற்கென்று இருக்கும் என்ஜின் கிரேனை வாடகைக்கு எடுங்கள். வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் ஆகியவை திடீரென்று நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு கட்டாயம்.

வெல்டிங் வைக்கும் முன் பெட்ரோல் டேங்கை கழற்றி வெளியே வைக்க வேண்டும். பேட்டரி வயரையும் கழற்ற வேண்டும். பக்கத்தில் மணல் வாளி, தீயணைப்பு சிலிண்டர் இரண்டும் இருக்க வேண்டும்.

அம்பாசிடருக்கு லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது. பாடியே தான் எடையை தாங்குகிறது. பழைய வண்டியில் தரையும் ஓரங்களும் துரு பிடித்திருந்தால், புது மவுண்டிங்கை துரு தகட்டில் பற்ற வைத்து பிரயோஜனம் இல்லை. முதலில் டிங்கர் வேலையை முடிக்க வேண்டும். என்ஜின் எடை கூடினால் முன்பக்கம் தாழ்ந்து உட்காரும். முன்சக்கரங்களை தாங்கும் டார்ஷன் பாரையும் சரி செய்து, வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

கியர் பாக்ஸ் தனி கதை

என்ஜினை மட்டும் வாங்கி விட்டு பழைய கியர் பாக்சோடு கோர்க்க நினைத்தால் செலவு தான் மிச்சம். என்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் ஒரே வண்டியில் இருந்து செட்டாக வாங்குவது நல்லது.

கியர் பாக்ஸ் நீளம் மாறினால் புரொப்பெல்லர் ஷாப்ட்டை வெட்டி ஒட்ட வேண்டி வரும். அதை வீட்டில் செய்யக்கூடாது. லேத் பட்டறையில் வெட்டி, பேலன்ஸ் செய்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் கூடும்போது வண்டியே உதறும். டீசல் என்ஜின் பெட்ரோல் போல் அதிக சுற்று சுற்றாது. பின்பக்க டிபரன்சியல் பல் கணக்கு அதற்கு ஒத்து வராவிட்டால், டாப் கியரிலும் என்ஜின் கத்திக் கொண்டே இருக்கும்.

பிரேக் தான் உயிர்

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போன வண்டி 80-ல் போகிறது என்று வைத்துக் கொள்வோம். வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்கு தான். ஆனால் அதை நிறுத்த பிரேக் தாங்க வேண்டிய சக்தி முக்கால் பங்குக்கு மேல் கூடி விடும். பழைய அம்பாசிடரில் 4 சக்கரத்திலும் டிரம் பிரேக் தான். இறக்கத்தில் இரண்டு மூன்று முறை அழுத்தி பிடித்தாலே சூடாகி பிடிப்பு குறையும். அந்த பிரேக்கை நம்பி டர்போ என்ஜினை ஓட்டுவது ஆபத்து.

பலரும் கவனிக்காத விஷயம் இன்னொன்று. பிரேக்கை லேசாக்கும் பூஸ்டருக்கு வெற்றிட காற்று வேண்டும். பெட்ரோல் என்ஜினில் அது இன்டேக் பக்கம் இருந்து தானாகவே கிடைக்கும். டீசல் என்ஜினில் கிடைக்காது. அதற்கு தனி வேக்வம் பம்ப் இருக்க வேண்டும். பல டீசல் என்ஜின்களில் இந்த பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் ஒட்டி இருக்கும். வேறு ஆல்டர்னேட்டரை மாட்டி, பம்ப்பை விட்டு விட்டால் பெடல் கல்லாகி விடும். இது ரோட்டில் தெரிந்தால் தாமதம்.

சூடும் தீயும்

டர்போவின் புகை பக்கம் பழுக்க காய்ச்சிய இரும்பு போல் சூடாகும். பிரேக் ஓஸ், டீசல் ஓஸ், வயரிங் எதுவும் அதன் அருகில் போகக்கூடாது. நடுவில் தகடு வைத்து மறைக்க வேண்டும். ஒரு சொட்டு ஆயிலோ, டீசலோ அதன் மேல் விழுந்தாலும் தீ பிடிக்கலாம்.

பழைய ரேடியேட்டர் இந்த சூட்டை தாங்காது. பெரிய ரேடியேட்டர் வேண்டும். பெட்ரோல் டேங்கை நன்றாக கழுவி, பம்பில் மிச்சமாகும் டீசல் டேங்குக்கே திரும்ப தனி லைன் போட வேண்டும். தண்ணீர் பிரிக்கும் பில்டரும் அவசியம். நீண்ட தூரம் ஓட்டி வந்ததும் சாவியை உடனே திருகாமல், ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு நிறுத்த வேண்டும்.

டர்போ சீல் உடைந்தால், என்ஜின் தன் ஆயிலையே குடித்து தறிகெட்டு சுற்றும். சாவியை திருப்பினாலும் நிற்காது. வண்டி நின்று கொண்டிருந்தால் பிரேக்கை முழுசா அழுத்தி, டாப் கியர் போட்டு கிளட்சை விட்டு அணைக்க வேண்டும். அல்லது காற்று போகும் வாயை பலகையால் அடைக்க வேண்டும். கையால் மூடினால் கை போய் விடும். முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது அந்த பலகை பக்கத்திலேயே இருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றக்கூடாது. 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. பெட்ரோல், 1489 சி.சி. என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் காரில், வேறு கம்பெனியின் பெரிய டர்போ டீசல் என்ஜினை மாட்டி பொது ரோட்டில் ஓட்டினால் அது விதிமீறல்.

2019-ல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

‘யாரு பார்க்கப் போறாங்க’ என்று நினைக்க வேண்டாம். 15 வருடம் தாண்டிய சொந்த காருக்கு 5 வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அப்போது என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். விபத்து நடந்து விட்டால் நிலைமை இன்னும் மோசம். மாற்றத்தை சொல்லாமல் மறைத்ததாக கூறி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். அடிபட்டவருக்கு கொடுக்க வேண்டிய பணம் உங்கள் தலையில் விழும். சேர்த்து வைத்த நகை, நிலம் வரைக்கும் அது போகும்.

50 வருடம் தாண்டிய காரா?

அப்படி என்றால் இன்னொரு தடவை யோசியுங்கள். 2021-ல் வந்த விதிகளின்படி, 50 வருடத்துக்கு மேற்பட்ட கார்களை ‘விண்டேஜ்’ வாகனமாக பதிவு செய்யலாம். மறுபதிவுக்கு கட்டணம் ரூ.5 ஆயிரம். 10 வருடம் செல்லும். ஆனால் என்ஜின், பாடி பெரிய மாற்றம் இல்லாமல் ஒரிஜினலாக இருக்க வேண்டும். டர்போ ஏற்றினால் அந்த தகுதி போய் விடும்.

அப்போ என்ன தான் வழி?

* அதே கம்பெனி, அதே வகை என்ஜினை மாற்றலாம். அதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் நம்பரை ஏற்ற வேண்டும். வண்டி பைனான்சில் இருந்தால் அவர்களின் சம்மத கடிதமும் வேண்டும்.

* பில் இல்லாத என்ஜினை தொடவே வேண்டாம். அது திருட்டு வண்டியில் கழற்றியதாக இருந்தால், போலீஸ் உங்கள் வீட்டு கதவை தட்டும்.

* சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி ஆகியவற்றுக்கு மாற, அரசு அங்கீகாரம் பெற்ற கிட்டை அங்கீகாரம் பெற்ற மையத்தில் மட்டும் பொருத்தலாம்.

* டர்போ ஆசை தீரவே இல்லையா? சொந்த இடத்துக்குள் மட்டும் ஓட்டும் வண்டியாக வைத்துக் கொள்ளுங்கள். அங்கேயும் முதல் செலவு பிரேக்குக்கு தான்.

* தினமும் ஓட்டும் வண்டி என்றால், இருக்கிற என்ஜினை போர் அடித்து, ரேடியேட்டர் சுத்தம் செய்து, பிரேக் லைனர் மாற்றினாலே வண்டி நன்றாக இழுக்கும். ஆர்.சி.க்கும் பிரச்சினை வராது.

எந்த வழியில் போனாலும், என்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தோடு ஒரு தடவை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு போய் கேட்டு விடுங்கள். அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை.