கருணைக் குழுக்களும் ஒரு சொல்லின் கதையும்

உயிர்களிடத்து இரங்கும் உள்ளத்தைச் சிறுவயதிலேயே ஊட்டுவது நம் சமண இல்லங்களில் தாய்மார் சொல்லாமலே செய்துவரும் காரியம். நீரை வடிகட்டிப் பருகுவதையும் பொழுது சாயுமுன் உண்பதையும் குழந்தைகள் பார்த்தே கற்கின்றனர். அவ்விரக்கத்தை வகுப்பறைக்குள் கொண்டுசெல்லப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஒருவர் அரும்பாடுபட்டார் என்பதை நம்மில் பலர் அறியார்.

பாஸ்டன் நகர வழக்கறிஞர் ஜார்ஜ் ஏஞ்சல், விலங்குகளிடம் மாந்தர்க்குள்ள கடமையைச் சிறுவர் மனத்தில் பதிக்கும் நூல்களைப் பள்ளிகளில் பரப்பத் தம் சொத்தில் பெரும்பகுதியை ஒதுக்கி, 1864-இலேயே உயில் எழுதியவர். 1868-இல் ஒரு பந்தயத்தில் ஏறத்தாழ நாற்பது மைல் விரட்டப்பட்ட இரு குதிரைகள் மாண்ட செய்தி அவரைப் பொதுப்பணிக்கு இழுத்தது. அவ்வாண்டே மாசசூசெட்ஸ் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. ஆயினும் சட்டமும் அபராதமும் சாட்டை பிடித்த கையைத்தான் எட்டும். அக்கை சிறியதாய் இருக்கும்போதே மனத்தைத் தொட வேண்டும் என்பது அவர் துணிபு.

இங்கிலாந்தில் 1875-இல் காதரின் ஸ்மிதீஸ் என்னும் அம்மையார் தொடங்கிய 'கருணைக் குழு' அதற்கு வழிகாட்டிற்று. 1882-இல் தாமஸ் டிம்மின்ஸ் என்ற ஆங்கிலேயப் போதகரின் துணையுடன் ஏஞ்சல் அதனைப் பாஸ்டனில் நிறுவினார். பாட்டு, உறுதிமொழி, கதை, சென்ற கூட்டத்தின் அறிக்கை எனக் கூட்டம் நடைபெறும். பிற உயிர்களை மகிழ்விக்கத் தாம் என்ன செய்தோம் என்பதைச் சிறுவர் எழுந்து கூறவும் அதில் இடமிருந்தது. சின்னமும் அட்டையும் எவரும் வழங்கலாம். தான் செய்த சிறு உதவியைத் தன் சொல்லிலேயே தோழர் முன் கூறும் குழந்தை, அந்த நாய்க்கும் பூனைக்கும் என்ன நேர்ந்தது என்பதை மீண்டும் ஒருமுறை எண்ணிப்பார்க்கிறது. முறைமையின் உயிர் அங்கேதான் இருந்தது என்பது என் கருத்து.

அன்னா சூவெல் 1877-இல் வெளியிட்ட 'பிளாக் பியூட்டி' நாவலை 1890-இல் ஏஞ்சல் அமெரிக்காவில் மலிவாக அச்சிட்டுப் பரப்பியதும் இந்நோக்கினாலேயே. அதில் குதிரையே தன் கதையைச் சொல்கிறது. கடிவாளம் இறுகும் வலியைக் குதிரையின் வாயாலேயே கேட்ட சிறுவனுக்குத் தனியே அறவுரை எதற்கு?

நம் கண்ணுக்கு உறுத்துவது ஒன்றுண்டு. தீங்கு செய்யாத உயிர்கள் அனைத்திடமும் அன்பாயிருக்க முயல்வேன் என்றே அவ்வுறுதிமொழி அமைந்திருந்தது. அப்படியாயின் தேளும் பாம்பும்? தீங்கு செய்வது எது, செய்யாதது எது என்று பிரித்தறியும் பொறுப்பை ஏழு வயதுக் குழந்தையின் தலையில் ஏற்றுவது எங்ஙனம்? ஏஞ்சலின் பத்திரிகையே இதற்கு வழிவிட்டது. விரும்பும் உறுப்பினர் தத்தம் உறுதிமொழியிலிருந்து 'தீங்கு செய்யாத' என்னும் சொல்லை அடித்துவிடலாம் என்று அதில் அச்சிட்டு அறிவித்தனர்.