ஃபாலோ பேக் வழக்கம் வந்த வழி

2009ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழில்நுட்ப எழுத்தாளர் ராபர்ட் ஸ்கோபிள், ட்விட்டரில் தாம் பின்தொடர்ந்துவந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாக விலக்கினார். அவர்கள் யார் மீதும் அவருக்கு வருத்தம் இல்லை. தம்மை ஃபாலோ செய்தவர்களைப் பதிலுக்கு ஃபாலோ செய்துகொண்டே போனதில், அவருடைய தனிச்செய்திப் பெட்டி முழுக்க விளம்பரமாகிவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, சந்தைப்படுத்தல் பற்றி எழுதும் கிறிஸ் புரோகன் இதே காரணத்தைச் சொல்லி 1,31,000 பேரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் பலர் கோபப்பட்டார்கள். முகம் பார்த்திராத ஒருவர் தங்களை வாசிப்பதை நிறுத்தியதற்கு ஏன் அத்தனை கோபம்?

இன்று புடவைக் கடை, பேக்கரி, வீட்டுமனை விற்பவர், பயிற்சி மையம் என்று யார் யாரோ இன்ஸ்டாகிராமில் நம்மை ஃபாலோ செய்கிறார்கள். பதிலுக்குச் செய்யாவிட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று கை ஒரு நொடி தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்கும் அமெரிக்காவில் எழுந்த அந்தக் கோபத்துக்கும் மூலம் ஒன்றுதான்.

1999ல் பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற கல்லூரி மாணவர் லைவ்ஜர்னல் என்ற நாட்குறிப்புத் தளத்தைத் தொடங்கினார். அங்கே யார் வேண்டுமானாலும், எதிராளியின் சம்மதம் கேட்காமலே, அவரைத் தம் நண்பர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு சேர்ப்புக்கு இரண்டு வேலைகள் இருந்தன. சேர்க்கப்பட்டவர் எழுதுவது சேர்த்தவரின் வாசிப்புப் பக்கத்துக்கு வரும். சேர்த்தவர் ‘நண்பர்களுக்கு மட்டும்’ என்று பூட்டி எழுதியவை சேர்க்கப்பட்டவருக்குத் திறக்கும். ஆகவே ஒருவர் சேர்த்தும் மற்றவர் சேர்க்கவில்லை என்றால், ‘உன் அந்தரங்கத்தை நான் படிப்பேன், என்னுடையதை உனக்குக் காட்டமாட்டேன்’ என்று பொருளாகிவிடும். கல்யாணத்தில் வந்த மொய்யை நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்வதுபோல, சேர்த்தவரைத் திருப்பிச் சேர்ப்பது அங்கே வழக்கமானது. அந்த இடத்தில் அது நியாயமான வழக்கம்தான். இரு பக்கமும் மனிதர்கள். இரு பக்கமும் ஏதோ ஒன்றை நம்பிக் கொடுக்கிறார்கள்.

அடுத்து வந்த ஃப்ரெண்ட்ஸ்டர், மைஸ்பேஸ், ஆர்குட், ஃபேஸ்புக் எல்லாம் இந்தச் சங்கடத்துக்கே இடம் வைக்கவில்லை. ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டும், அப்போதுதான் நட்பு. 2004 முதல் 2014 வரை இருந்த ஆர்குட்டில் கணக்கு வைத்திருந்த நம்மூர்க்காரர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும்.

2006ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ட்விட்டர்தான் இந்த இருவழிக் கட்டாயத்தை நீக்கியது. படங்களுக்கான ஃபிளிக்கர் தளம் 2004லேயே ஒருவழித் தொடர்பை அனுமதித்திருந்தாலும், அதை ஊரறிந்த பழக்கமாக்கியது ட்விட்டர். தொடக்கத்தில் அது செல்பேசிக் குறுஞ்செய்தியை நம்பி இயங்கியது; 140 எழுத்து வரம்பே அதிலிருந்து வந்ததுதான். ஒருவரை ஃபாலோ செய்தால் அவர் எழுதுவது போனில் ஒலியெழுப்பிக்கொண்டு வந்து விழலாம். அப்படிப்பட்ட இடத்தில், வந்தவர்களை எல்லாம் பதிலுக்கு ஃபாலோ செய்வது நடைமுறைக்கு ஒத்துவராத காரியம். ஆனாலும் பழைய தளங்களிலிருந்து வந்தவர்கள் பழைய மரியாதையையும் கையோடு கொண்டுவந்தார்கள். 2008 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது பராக் ஒபாமாவின் கணக்கு, தன்னைப் பின்தொடர்ந்தவர்களைத் திருப்பிப் பின்தொடர்ந்தது. 2009 ஜனவரியில் மைக்கா பால்ட்வின் என்பவர் தொடங்கிய ‘ஃபாலோ ஃப்ரைடே’, வெள்ளிக்கிழமைதோறும் பிறரைப் பரிந்துரைக்கும் சடங்காக உலகமெங்கும் பரவியது.

வணிக நிறுவனங்கள் இந்த மரியாதைக்குள் நுழைந்த கதை ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு விதம்.

ஃபேஸ்புக் 2007 நவம்பரில் நிறுவனங்களுக்கென்று தனிப் பக்கங்களைத் திறந்தது. மனிதர்கள் அந்தப் பக்கத்துக்கு ‘ஃபேன்’ ஆகலாம். பக்கம் மனிதர்களைத் தேடிவந்து ஃபாலோ செய்ய முடியாது. எனவே பதில் மரியாதை என்ற கேள்வி எழவில்லை. செலவு வேறு வகையில் வந்தது. 2010 ஏப்ரலில் ‘ஃபேன்’ போய் ‘லைக்’ வந்தது. ரசிகர் ஆவதைவிட ஒரு லைக் போடுவது மனதுக்கு லேசாக இருந்ததால் மக்கள் தாராளமாக அழுத்தினார்கள். 2011ல் அந்த லைக்குகளையே ஃபேஸ்புக் விளம்பரமாக மாற்றி, ‘உங்கள் நண்பருக்கு இந்தக் கடை பிடித்திருக்கிறது’ என்று பெயரோடும் படத்தோடும் அவர்களுடைய நண்பர்களுக்குக் காட்டியது. எங்களைக் கேட்காமல் எங்களை மாடல் ஆக்கிவிட்டீர்கள் என்று பயனர்கள் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். 2 கோடி டாலர் சமரசத்துக்கு 2013ல் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. ஒரு கடையின் பக்கத்தில் பெயரைக் கொடுப்பது வெறும் விருப்பம் தெரிவிப்பது அல்ல என்று சட்டத்தின் வழியாகவே தெரிந்த நாள் அது.

ட்விட்டரின் கதை வேறு. அங்கே மனிதருக்கும் கம்பெனிக்கும் ஒரே மாதிரிக் கணக்கு. கம்பெனியும் ஓர் ஆளைப்போல வந்து நம்மை ஃபாலோ செய்யலாம். ‘திருப்பிச் செய்ய வேண்டுமா’ என்ற கேள்வி வணிகத்தோடு ஒட்டிக்கொண்டது இங்கேதான்.

தொடக்கத்தில் அதற்கு உண்மையான பயன் இருந்தது என்பதை மறுக்கக் கூடாது. காம்காஸ்ட் என்ற அமெரிக்க கேபிள் நிறுவனத்தில் ஃபிராங்க் எலியாசன் என்ற அலுவலர் 2008ல் ட்விட்டரில் அமர்ந்து, நிறுவனத்தின் பெயரைத் தேடித் தேடி, புலம்பியவர்களுக்கெல்லாம் பதில் எழுதத் தொடங்கினார். போனில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்த வாடிக்கையாளர்களுக்கு அது பெரிய ஆறுதல். அப்போது ட்விட்டரில் ஒரு விதி இருந்தது: நம்மைப் பின்தொடர்பவருக்கு மட்டுமே தனிச்செய்தி அனுப்ப முடியும். கேபிள் வேலை செய்யவில்லை என்று பொதுவில் எழுதிவிடலாம். கணக்கு எண்ணையும் வீட்டு முகவரியையும் பொதுவில் எழுத முடியுமா? கம்பெனி வாடிக்கையாளரை ஃபாலோ செய்தால்தான் அவர் அதைத் தனியாக அனுப்பலாம். வாடிக்கையாளரும் கம்பெனியை ஃபாலோ செய்தால்தான் அது தனியாகப் பதில் சொல்லலாம். புகார் தீரும்வரை இருவரும் ஒருவரையொருவர் பின்தொடர்ந்தாக வேண்டும். புகார் தீர்ந்த பிறகும் யாரும் நினைவாக விலகுவதில்லை. அப்படி ஒட்டிக்கொண்டவையே பல ஃபாலோக்கள்.

விற்பனையும் நடந்தது. டெல் நிறுவனம் புதுப்பித்த கணினிகளைத் தள்ளுபடியில் விற்க டெல் அவுட்லெட் என்ற கணக்கை வைத்திருந்தது. அதன் வழியாக 30 லட்சம் டாலர் வியாபாரம் நடந்ததாக 2009 ஜூனில் அறிவித்தார்கள். டெல்லின் எல்லா ட்விட்டர் கணக்குகளையும் சேர்த்தால், அந்த ஆண்டு முடிவதற்குள் அது 65 லட்சம் டாலர் ஆனது. தள்ளுபடியை முதலில் தெரிந்துகொள்ள விரும்பியவர்கள் தாமாகத் தேடிவந்து ஃபாலோ செய்த கணக்கு டெல் அவுட்லெட். கடையும் வாடிக்கையாளரும் எதற்காகச் சேர்ந்திருக்கிறோம் என்று தெரிந்து சேர்ந்திருந்தார்கள்.

இப்படித் தேடிவருபவர்களுக்காகக் காத்திராமல் வேறு சிலர் அதற்கு முன்பே குறுக்கு வழி தேடியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களை ஃபாலோ செய்வது, மரியாதைக்காக அவர்களில் ஒரு பகுதியினர் திருப்பிச் செய்வார்கள், செய்யாதவர்களைச் சில நாளில் விலக்கிவிட்டு அடுத்த ஆயிரத்துக்குப் போவது. இதைத் தடுக்க ட்விட்டர் 2008ல் ஒரு வேலி போட்டது: 2,000 பேரைப் பின்தொடர்ந்துவிட்டால், அதற்கு மேல் போக நம்மைப் பின்தொடர்பவர்களும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். விளைவு எதிர்பாராதது. கணக்கை வளர்க்க நினைத்த கடைக்கு இப்போது ஒவ்வொருவரின் பதில் ஃபாலோவும் கட்டாயத் தேவையாகிவிட்டது. அது வராவிட்டால் வேலியைத் தாண்ட முடியாது. திருப்பிச் செய்யாதவர் யார் என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும் கருவிகளும், ஃபாலோ செய்த மறுநொடி தானாகத் திருப்பிச் செய்து ‘நன்றி, எங்கள் தளத்துக்கு வாருங்கள்’ என்று தனிச்செய்தி அனுப்பும் சேவைகளும் முளைத்தன. ஸ்கோபிளின் பெட்டியை நிரப்பியவை இப்படிப்பட்ட செய்திகள்தான்.

தானியங்கித் திருப்பு ஃபாலோவை 2013ல் ட்விட்டர் தடை செய்தது. 2015 ஏப்ரலில், ஃபாலோ செய்யாதவர்களிடமிருந்தும் தனிச்செய்தி பெறும் வசதியைத் திறந்தது. அதற்கும் முன்பே, 2009ல் வந்த ‘லிஸ்ட்’ வசதியால், ஒரு நிறுவனத்தை ஃபாலோ செய்யாமலே அதன் பதிவுகளை வாசிக்க வழி பிறந்திருந்தது. புகார் தீர்க்க வேண்டும் என்பதற்காகக் கடையைப் பின்தொடரும் அவசியம் 2015ஓடு போய்விட்டது. வழக்கம் மட்டும் போகவில்லை, இன்ஸ்டாகிராமுக்குக் குடிபெயர்ந்தது.

இன்ஸ்டாகிராம் ஒருவர் 7,500 பேரை மட்டுமே பின்தொடரலாம் என்று எல்லை வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குள்ளேயே, ஃபாலோ செய்வதும் விலக்குவதுமாக ஒரு தொழில் வளர்ந்தது. காசு வாங்கிக்கொண்டு நம் கணக்கிலிருந்து தானாக லைக் போட்டு, ஃபாலோ செய்து, பிறகு விலக்கும் இன்ஸ்டாகிரெஸ் என்ற சேவை 2017 ஏப்ரலில்தான் மூடப்பட்டது. போலிக் கணக்குகளை இன்ஸ்டாகிராம் 2014 டிசம்பரில் களையெடுத்தபோது, அதன் சொந்தக் கணக்கே 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபாலோயர்களை இழந்தது. 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், டெவுமி என்ற நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு 20 கோடிக்கும் மேற்பட்ட ட்விட்டர் ஃபாலோயர்களை விற்றதை வெளிக்கொண்டுவந்தது. உண்மையான மனிதர்களின் பெயரையும் படத்தையும் களவாடி உருவாக்கிய கணக்குகளும் அந்தச் சரக்கில் இருந்தன. 2019ல் அமெரிக்க வணிக ஆணையம் அதன் உரிமையாளர் மீது 25 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கியது. இவ்வளவும் எதற்காக? கடையின் பெயருக்குக் கீழே தெரியும் அந்த எண்ணுக்காக.

இதற்கு நேர் எதிரான கொள்கை வைத்திருந்தவர்களும் உண்டு. 2017 அக்டோபரில் அமெரிக்கர் ஒருவர் கே.எஃப்.சி.யின் ட்விட்டர் கணக்கைக் கவனித்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பின்தொடர்ந்த அந்தக் கணக்கு வெறும் பதினோரு பேரை மட்டும் பின்தொடர்ந்தது: ‘ஸ்பைஸ் கேர்ள்ஸ்’ பாடகிகள் ஐந்து பேர், ‘ஹெர்ப்’ என்ற பெயருள்ள ஆண்கள் ஆறு பேர். பதினோரு மூலிகையும் (ஹெர்ப்) மசாலாவும் (ஸ்பைஸ்) சேர்த்த கோழி என்பது அந்தக் கம்பெனி காலங்காலமாகச் சொல்லிவரும் பெருமை. நல்ல விளம்பரம் என்பதைத் தாண்டி இதில் ஒரு செய்தி இருக்கிறது. யாரையும் திருப்பிப் பின்தொடராததற்காக கே.எஃப்.சி. வாடிக்கையாளர்களை இழந்ததாகத் தெரியவில்லை. பெரிய நிறுவனங்கள் மரியாதைக் கணக்கைத் தங்களுக்குப் பொருந்தாது என்று என்றைக்கோ ஒதுக்கிவிட்டன. அதைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் சாதாரண ஜனங்களும் சின்னக் கடைக்காரர்களும்தான்.

அந்தச் சின்னக் கடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த சில நாட்களில் இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது. ஊரடங்கில் வீட்டிலிருந்தே புடவை, இட்லிப் பொடி, சோப்பு, எண்ணெய் விற்கத் தொடங்கிய பெண்களுக்கு அதுவே கடைத்தெரு ஆனது. அந்தப் பக்கங்களைத் திறந்தால் ஒரே மாதிரி அறிவிப்புகள்: விலைக்கு டி.எம். செய்யவும், கேஷ் ஆன் டெலிவரி கிடையாது, சேதம் என்றால் பார்சலைப் பிரிக்கும் வீடியோ கட்டாயம். ஒரு வாடகைக் கடை போட முடியாத குடும்பத்துக்கு இது பெரிய வாய்ப்பு. அவர்கள் நம்மை ஃபாலோ செய்வதில் தவறு காண எதுவும் இல்லை; கடை வாசலில் நின்று ‘வாங்கக்கா’ என்று கூப்பிடுகிறார்கள்.

ஆனால் கூப்பிட்டதற்காக வாங்கியே தீர வேண்டியதில்லை. லைவ்ஜர்னலில் திருப்பிச் சேர்ப்பதற்கு இருந்த காரணம் இங்கே இல்லை. இன்ஸ்டாகிராமில் தொழில் கணக்காகப் பதிவுசெய்த பக்கத்தைப் பிரைவேட் ஆக்க முடியாது. ஃபாலோ செய்யாமலே அந்தக் கடையின் எல்லாப் புடவைகளையும் பார்க்கலாம், விலை கேட்கலாம். நம் பக்கத்தின் நிலைமை அப்படி அல்ல. பிரைவேட் கணக்கு வைத்திருப்பவருக்கு ஒரு கடையிலிருந்து ஃபாலோ கோரிக்கை வந்து, அதை ஏற்றுக்கொண்டால், குழந்தையின் பிறந்தநாள் படம், வீட்டு வாசல், ஊருக்குப் போயிருக்கும் செய்தி எல்லாம் அந்தக் கடைக்குத் தெரியும். கடையைத் திருப்பி ஃபாலோ செய்வதைவிட, கடையின் கோரிக்கையை ஏற்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கோரிக்கையை யோசிக்காமல் ஏற்றுவிட்டு, திருப்பிச் செய்யலாமா என்று மட்டும் யோசிக்கிறார்கள்.

இன்னொன்று. பிரைவேட் ஆக்காத கணக்கில், நாம் ஃபாலோ செய்யும் பட்டியல் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும். எந்த வங்கி, எந்த மருத்துவமனை, பிள்ளை படிக்கும் பள்ளி எது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். வங்கியின் பெயரில் போலி வாடிக்கையாளர் சேவைக் கணக்கு திறந்து ஆளைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல முகவரிப் புத்தகம் தேவையில்லை.

சின்னக் கடைக்கு உதவ நினைப்பவர்கள் பதில் ஃபாலோவோடு நிறுத்திவிட வேண்டாம். அது கடைக்குத் தரும் பலன் மிகக் குறைவு. ஒரு ஃபேஸ்புக் பக்கத்தின் பதிவு சராசரியாக அதன் ரசிகர்களில் 16 சதவீதம் பேரைத்தான் சென்றடைகிறது என்று 2012லேயே அந்த நிறுவனம் சொன்னது. வாங்கிய பொடி நன்றாக இருந்தால் அந்தக் கடையின் பெயரைச் சொல்லி நான்கு வரி எழுதுங்கள், தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள், அடுத்த மாதமும் அங்கேயே வாங்குங்கள். அந்தக் கடையின் புதுச் சரக்கு கண்ணில் பட வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் ஃபாலோ செய்யுங்கள். தோன்றவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அறிமுகமில்லாத கடை உங்கள் ஃபாலோயர் பட்டியலில் இருந்தால் அதை நீக்கவும் செய்யலாம். நீக்கியதாக அந்தக் கடைக்கு இன்ஸ்டாகிராம் எந்தத் தகவலும் அனுப்பாது.