கற்றல் மதிப்பீட்டு முறைகளைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு மாணவர் எதைக் கற்றிருக்கிறார், எவ்வளவு கற்றிருக்கிறார், எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதை அறியச் சான்றுகளைத் திரட்டி, அவற்றைக் கொண்டு ஒரு முடிவுக்கு வரும் பணியே கற்றல் மதிப்பீடு. எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு, செயல்திட்டம், வகுப்பில் கேட்கும் கேள்வி, வீட்டுப்பாட நோட்டு எல்லாம் இதற்கான கருவிகள். இவற்றில் எதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கிடைக்கும் விடையைக் கொண்டு என்ன முடிவு எடுக்கப் போகிறோம் என்பது தெளிவானால்தான் கருவியைத் தேர முடியும். பள்ளிகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. திருத்துவதற்கு எளிதான வினாத்தாள் முதலில் வருகிறது. அதில் கேட்க முடிந்தவை மட்டுமே நாளடைவில் பாடமாக மிஞ்சுகின்றன.

நோக்கம்

பாடத்திட்டங்களை மதிப்பிடுவது பற்றி எழுதிய மைக்கேல் ஸ்கிரிவன் 1967-இல் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார். பணி நடக்கும்போதே அதைத் திருத்திச் செம்மையாக்குவதற்கான மதிப்பீடு ஒன்று. முடிந்தபின் அதன் தரத்தை உரைப்பதற்கான மதிப்பீடு மற்றொன்று. பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் இப்பகுப்பை மாணவர் கற்றலுக்குக் கொண்டுவந்தனர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இவை வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என வழங்குகின்றன.

ஒரே பத்து மதிப்பெண் சிறுதேர்வு இந்த இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். திங்கட்கிழமை நடத்திய தேர்வின் விடைகளைப் பார்த்து, செவ்வாய்க்கிழமை பாடத்தை ஆசிரியர் மாற்றி நடத்தினால் அது வளரறி மதிப்பீடு. மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனால், பதிவேட்டில் எந்தப் பெயரில் எழுதினாலும் அது தொகுத்தறி மதிப்பீடுதான். லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் சுமார் 250 ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வலுவான அடித்தளம் இட்டது. வளரறி மதிப்பீடு கற்றலைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்துகிறது என்பதும், பின்தங்கிய மாணவர்கள் அதனால் கூடுதலாகப் பயனடைகிறார்கள் என்பதும் அவர்கள் கண்ட முடிவு. கிடைத்த சான்று கற்பித்தலை மாற்ற வேண்டும் என்பதே அவர்கள் வைத்த நிபந்தனை.

எதை அளப்பது

புளூமின் குழு 1956-இல் வெளியிட்ட கற்றல் நோக்கங்களின் வகைப்பாடு 2001-இல் திருத்தி அமைக்கப்பட்டது. நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் என்பவை அதன் ஆறு நிலைகள். ஆசிரியர் பயிற்சியில் இதை மனப்பாடம் செய்யாதவர் இல்லை. ஆனால் வினாத்தாள் தயாரிக்கும்போது முதல் நிலையிலேயே கை நின்றுவிடுகிறது. ஒளிச்சேர்க்கைக்கு வரையறை எழுதச் சொல்வது ஒரு கேள்வி. இரண்டு தொட்டிச் செடிகளையும் ஓர் அட்டைப் பெட்டியையும் கொடுத்து, செடிக்கு வெளிச்சம் தேவை என்பதை எப்படி நிறுவுவாய் என்று கேட்பது வேறொரு கேள்வி. முதலாவதில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை இரண்டாவதில் திகைத்து நிற்கலாம். ஜான் பிக்ஸ் 1996-இல் வலியுறுத்தியதும் இதையே: கற்றல் நோக்கம், கற்பிக்கும் செயல், மதிப்பீடு மூன்றும் ஒரே திசையில் இருக்க வேண்டும்.

மொழிப்பாடத்தில் இந்த இடைவெளி கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு திறன்களைப் பாடத்திட்டம் சொல்கிறது. பொதுத்தேர்வில் எடை முழுவதும் எழுதுதலின் மேல் விழுகிறது. மனப்பாடப் பகுதியைப் பிழையின்றி எழுதும் மாணவர், நாளிதழ்ச் செய்தி ஒன்றைப் படித்து அதன் சாரத்தை நான்கு பேர் முன்னால் சொல்லத் தயங்கினால், அந்தக் குறையைக் காட்டும் கருவி நம் கையில் இல்லை.

ஒரு வினாவின் அமைப்பு

நல்ல வினா என்பது தெரியும், தெரியாது என்று பிரிப்பதோடு நிற்காது. தவறு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லும். மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தலைச் சோதிக்க 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். சரியான விடை 25. சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். ஒன்றின் இடத்தில் சிறிய எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து கழித்துவிடும் பழக்கத்தால், அதாவது 7-இலிருந்து 2 போக 5 என்று எடுத்துக்கொள்வதால், 35 வரும். முறையாகக் கடன் வாங்கி 12-இலிருந்து 7-ஐக் கழித்துவிட்டு, பத்தின் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்தாலும் அதே 35 வரும். முதல் பிள்ளைக்கு இடமதிப்பே புரியவில்லை. அவரை மணிகளும் குச்சிக் கட்டுகளும் வைத்துத் தொடக்கத்திலிருந்து அழைத்து வர வேண்டும். இரண்டாவது பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது, ஒரு படியைத் தவறவிட்டார். சிறு நினைவூட்டல் போதும். ஆனால் வினா இருவரையும் ஒன்றாக்கிவிட்டது.

அதே கணக்கில் 27-ஐ 28 ஆக்கினால் நிலைமை மாறுகிறது. சரியான விடை 24. இடமதிப்பு புரியாத பிள்ளை 36 எழுதுவார். குறைக்க மறந்த பிள்ளை 34 எழுதுவார். திருத்தும்போதே யாருக்கு என்ன உதவி தேவை என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். கூடுதல் செலவோ, கூடுதல் நேரமோ இதற்கு வேண்டாம். கழித்தலில் பிள்ளைகள் செய்யும் பிழைகள் கவனக்குறைவால் வருபவை மட்டுமல்ல, ஓர் ஒழுங்குடன் திரும்பத் திரும்ப வருபவை என்பதை ஜான் சீலி பிரௌனும் ரிச்சர்டு பர்ட்டனும் 1978-இல் விரிவாகக் காட்டினர். அதற்குப் பின்னும் பிழையைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டுக் கடந்து போவது பெரிய இழப்பு.

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கும் இதே விதி பொருந்தும். தவறான விருப்பங்கள் ஒவ்வொன்றும் மாணவர் உண்மையில் செய்யும் ஒரு பிழையிலிருந்து பிறக்க வேண்டும். இடத்தை நிரப்புவதற்காகச் சேர்க்கும் நான்காவது விருப்பத்தால் பயன் குறைவு. மைக்கேல் ரொட்ரிகஸ் 2005-இல் பல பதிற்றாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பெரும்பாலான நேரங்களில் மூன்று விருப்பங்களே போதும் என்ற முடிவுக்கு வந்தார்.

மதிப்பெண்ணின் நம்பகம்

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஸ்டார்ச், எட்வர்டு எலியட் இருவரும் 1912-இல் ஆங்கில விடைத்தாள்கள் இரண்டை நூற்றுக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். நூற்றுக்கு இவ்வளவு என்று வந்த மதிப்பெண்கள் ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரையும், மற்றொன்றுக்கு 50 முதல் 97 வரையும் பரந்திருந்தன. கட்டுரை என்பதால் இப்படி என்று எண்ணியவர்களுக்கு அடுத்த ஆண்டு விடை கிடைத்தது. வடிவியல் தாளில் இந்த வேறுபாடு இன்னும் அதிகமாக இருந்தது.

மதிப்பெண் பங்கீட்டுடன் கூடிய விடைக்குறிப்பு, ஒவ்வொரு நிலைக்கும் மாதிரி விடைகள், ஒரு கேள்வியை எல்லாத் தாள்களிலும் திருத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது, மாணவர் பெயரை மறைத்துத் திருத்துவது ஆகியவை இந்த வேறுபாட்டைக் குறைக்கும் எளிய வழிகள். ஒரு மதிப்பெண் வினாக்களில் திருத்துபவரால் வரும் வேறுபாடு இல்லை. ஆனால் நான்கு விருப்பங்கள் கொண்ட 40 வினாக்களில் ஒன்றும் தெரியாதவர்கூட ஊகத்தால் சராசரியாகப் பத்து மதிப்பெண் பெற்றுவிடுவார். சீராகத் திருத்த முடிகிறது என்பதாலேயே ஒரு தேர்வு சரியானதை அளக்கிறது என்று ஆகிவிடாது. நம்பகம் வேறு, ஏற்புடைமை வேறு. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தால், வகுப்பறை மதிப்பீட்டில் ஏற்புடைமைக்கே முதலிடம் தர வேண்டும். ஒரு வினாவால் ஏற்படும் தவறான கணிப்பை ஆசிரியர் மறுநாளே திருத்திக்கொள்ள முடியும். கல்லூரிச் சேர்க்கையைத் தீர்மானிக்கும் பொதுத்தேர்வில் அந்த வாய்ப்பு இல்லாததால் அங்கே நம்பகத்துக்கு எடை கூடுகிறது.

எழுத்துக்கு வெளியே

மருத்துவக் கல்வி இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்தது. நோயாளியைப் பரிசோதிக்கத் தெரியுமா என்பதைத் தாளில் எழுத வைத்து அறிய முடியாது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் 1975-இல் ஒரு புதிய தேர்வை அறிமுகப்படுத்தினார். மாணவர்கள் வரிசையாக அமைந்த பல நிலையங்களுக்குச் செல்வார்கள். ஒவ்வொன்றிலும் குறித்த நேரத்துக்குள் ஒரு செயலைச் செய்து காட்டுவார்கள். தேர்வாளர் முன்கூட்டியே வகுத்த பட்டியலைக் கொண்டு மதிப்பிடுவார். இன்று உலகெங்கும் மருத்துவக் கல்லூரிகளில் இம்முறை வழக்கில் உள்ளது. பள்ளி ஆய்வகத்துக்கும் இதைக் கொண்டுவரலாம். முடிவுகளை முன்பே தெரிந்துகொண்டு பதிவேட்டில் எழுதும் செய்முறைத் தேர்வைவிட, நுண்ணோக்கியைச் சரிசெய்து காட்டச் சொல்லும் மூன்று நிமிடம் அதிகம் சொல்லும்.

வாய்மொழி மதிப்பீட்டின் வலிமையை நம் நாட்டில் உணர்த்தியது பிரதம் அமைப்பு 2005 முதல் வெளியிட்டுவரும் அசர் அறிக்கை. கிராமங்களில் வீடு வீடாகச் சென்று ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்காரவைத்து எழுத்து, சொல், பத்தி, சிறுகதை என்று படிக்கச் சொல்கிறார்கள். கருவி ஒரே ஒரு தாள். ஐந்தாம் வகுப்பில் இருந்தும் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க இயலாத பிள்ளைகள் பெருமளவில் இருப்பது இந்த எளிய முறையால்தான் நாடு முழுவதற்கும் தெரியவந்தது. படிக்கவே தெரியாத பிள்ளைக்கு எழுத்துத் தேர்வு வைத்தால் கிடைக்கும் பூஜ்யம், அவர் எழுத்தில் நிற்கிறாரா சொல்லில் நிற்கிறாரா என்று சொல்லாது.

நேரம் கிடைக்குமா என்ற கேள்வி நியாயமானது. நாற்பது பேருக்குத் தலா ஐந்து நிமிடம் என்றால் 200 நிமிடம், அதாவது நாற்பது நிமிடப் பாடவேளைகள் ஐந்து. ஒரே நாளில் இதைச் செய்ய இயலாது. மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது நாளுக்கு எட்டுப் பேரை அழைத்துப் படிக்கச் சொன்னால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். முழு வகுப்பின் நிலையை ஒரு நொடியில் அறியச் சிலேட்டே போதும்: விடையை எழுதி எல்லோரும் ஒன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும். கை தூக்கும் ஐந்து பேரிடம் மட்டும் கேட்டுவிட்டு எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நம்பும் பிழை இதனால் நீங்கும்.

செயல்திட்டத்தில் எச்சரிக்கை தேவை. கடையில் வாங்கி ஒட்டிய படங்களும் பெற்றோர் செய்து கொடுத்த மாதிரிகளும் பிள்ளையின் கற்றலுக்குச் சான்றாகா. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கட்டுரையையே எழுதித் தருகின்றன. செயல்திட்டத்தை வகுப்பிலேயே செய்ய வைக்க வேண்டும், அல்லது அதைப் பற்றி மாணவரோடு சிறிது நேரம் பேசிய பிறகே மதிப்பெண் இட வேண்டும்.

மதிப்பெண்ணும் குறிப்பும்

ரூத் பட்லர் 1988-இல் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்புரை மட்டும், இன்னொரு குழுவுக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்கள் குறிப்பைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. சிறுதேர்வுத் தாளில் "6/10" என்று எழுதுவதைவிட, "மூன்றாவது படியை மறுபடி செய்து காட்டு" என்று எழுதித் திருப்பித் தருவது மேலானது.

தேர்வே கற்றலாகவும் அமையும். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006-இல் நடத்திய சோதனையில், பத்தியைத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடத்திற்குப் பின் சோதித்தபோதோ திரும்பப் படித்தவர்களே முன்னிலையில் இருந்தனர். மதிப்பெண் இல்லாத சிறுதேர்வுகளை அடிக்கடி வைப்பதற்கு இதுவே போதிய காரணம்.

தமிழ்நாட்டில்

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலில், அட்டைகளின் ஏணிப்படி வரிசையிலேயே மதிப்பீட்டு அட்டைகளும் இடம்பெற்றன. பிள்ளை தன் வேகத்தில் ஏறலாம். தேர்வு என்ற அச்சம் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் முழுமையான, தொடர்ச்சியான மதிப்பீட்டை வலியுறுத்தியது. அதையொட்டி 2012–13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும், வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60 மதிப்பெண் என்ற பங்கீடும் வந்தன. கருத்து சரியானது. ஆனால் வளரறி மதிப்பீட்டுக்கு மதிப்பெண் ஒதுக்கியதோடு அது பதிவேட்டு வேலையாகச் சுருங்கத் தொடங்கியது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் தன் தொடர் மதிப்பீட்டு முறையை 2017-இல் கைவிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. இது பாராட்டத்தக்க முடிவு. பெருந்தொற்றுக்குப் பின் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அவர்களுடைய இப்போதைய கற்றல் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. மதிப்பீட்டின் முடிவு நேராகக் கற்பித்தலுக்குள் செல்லும் ஏற்பாடு இது.

இத்தகைய திட்டங்கள் தளர்வதற்குப் பெரும்பாலும் காரணம் ஆசிரியரின் மனமின்மை அல்ல, நேரமின்மை. மதிப்பீட்டு முறையை மாற்றும் ஒவ்வொரு அரசாணையும், அதைச் செய்வதற்கான பாடவேளையையும் சேர்த்து ஒதுக்க வேண்டும். புதிய பதிவேடு ஒன்றைச் சேர்க்கும்போது பழைய பதிவேடு ஒன்றை நீக்க வேண்டும்.