சஹனும் சீனத்துப் பீங்கானும்



போன கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டோம்: "கலியாண வீட்டில் சுற்றி இருந்து சாப்பிடுகிறோமே, அந்தப் பெரிய சஹன் எங்கிருந்து வந்தது?" "கடையிலிருந்து" என்றார்கள். பிழையில்லை. ஆனால் கடைக்கு அது வந்த வழி நீளமானது.

குறிகட்டுவானில் இறங்கி யாழ்ப்பாண பஸ்ஸில் போகும்போது அல்லைப்பிட்டியைக் கடக்கிறோம். அங்கே 1977இல் ஜோன் காஸ்வெல் என்ற ஆய்வாளர் மண்ணுக்குள்ளிருந்து சீனப் பாண்டத் துண்டுகளை எடுத்தார். சொங் வம்ச காலத்தவை. ஏறத்தாழ 900 வருடப் பழமை. அதே நூற்றாண்டுகளின் இன்னொரு சாட்சி எங்கள் ஊரிலேயே, நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிறது. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு அது. ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. யானை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்குதான் அரசுக்கு, மிச்சம் உடையவனுக்கு. வியாபாரச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. வந்தவனின் பொருளை முழுதாய் விழுங்காதே என்பதுதான் அதன் சாரம்.

'பீங்கான்' என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. பொருள் சீனத்தது, பெயர் பாரசீகம், பேச்சு தமிழ். 14ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்டெஜென் சூளைகளில் நீலப் பூப்போட்ட மிகப் பெரிய தட்டுகள் செய்தார்கள். அந்த நீலச் சாயத்தின் கொபால்ட்டும் பாரசீகப் பக்கமிருந்து போனது. சீனர் சாப்பிட்டது சின்னக் கிண்ணங்களில். பெரிய தட்டுகளை விரும்பி வாங்கியது பலர் ஒன்றாய் இருந்து உண்ணும் முஸ்லிம் நாடுகள். அப்படிப்பட்ட தட்டுகள் இன்றும் இஸ்தான்புல் தொப்காப்பி அரண்மனையில் இருக்கின்றன.

ஆகவே சஹனின் அகலம் அழகுக்கானது மட்டுமல்ல. ஐந்தாறு பேரின் கை ஒன்றாய்ப் போவதற்கான அகலம் அது. முதலாளியும் கூலியாளும் ஒரே சோற்றில் கை வைப்பார்கள். இதே யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைகளில் சாதி பார்த்து வேறு பாத்திரம் கொடுத்தார்கள். அதை எதிர்த்து 1960களில் பெரும் போராட்டமே நடந்தது. பாத்திரம் ஆட்களைச் சேர்க்கவும் செய்யும், பிரிக்கவும் செய்யும். நாமும் சுத்தமானவர்கள் இல்லை. நல்ல பீங்கானைக் கண்ணாடி அலுமாரியில் பூட்டி, வசதியான விருந்தாளிக்கு மட்டும் எடுத்த வீடுகள் நம்மிடமும் உண்டு.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து எங்கள் சொந்தங்கள் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அலுமாரிப் பீங்கான்கள் அங்கேயே நின்றன. திரும்பி வந்து பார்த்தவர்கள் வளவில் பொறுக்கியது துண்டுகளைத்தான். பரதேசிக்கே பாதுகாப்புச் சொன்ன கல்வெட்டு நிற்கும் மண்ணில், சொந்த மண்ணின் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை.

இப்போது ஆளுக்கொரு பார்சல் வந்துவிட்டது. இலேசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் பழைய சஹன் இருந்தால், விளிம்பு உடைந்திருந்தாலும் வீசாதீர்கள். யார் வாங்கியது, எந்தக் கலியாணத்துக்கு எடுத்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாதத்தில் ஒரு நாளாவது அதில் சோறு போட்டு எல்லோரும் சுற்றி இருங்கள். பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள்.