உப்பு திறக்கும் கதவு

போன மாதம் மாலை நடையின்போது பி பிளாக் நண்பர் ஒருவர் என்னை நிறுத்தினார். உடல் எடைக்காக இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டவர். “சார், சர்க்கரை மாத்திரையையே நிறுத்திட்டாங்க. பிரஷரும் எனக்குக் கிடையாது. அப்புறம் ஏன் ஊறுகாய், அப்பளத்தைக் குறைக்கச் சொல்றாங்க? சர்க்கரைக்கும் உப்புக்கும் என்ன சார் சம்பந்தம்?” என்றார்.

நான் டாக்டர் இல்லை, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். ஆனால் அந்தச் சம்பந்தத்தின் வரலாறு எனக்குப் பிடித்த கதை. அவர் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னதால், கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

கதை 1960 ஆகஸ்ட் மாதம் பிராக் நகரில் தொடங்குகிறது. அங்கு நடந்த அறிவியல் கூட்டமொன்றில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். குடலில் இருக்கும் குளுக்கோஸ் தானாக உடலுக்குள் போய்விடுவதில்லை. உப்பில் உள்ள சோடியத்தோடு சேர்ந்துதான் குடல் சுவரைக் கடக்கிறது என்றார். நம் கேட்டையே நினைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரியாத விருந்தாளி தனியாக வந்தால் செக்யூரிட்டி நிறுத்துவார். குடியிருப்பவர் கூட வந்தால் விட்டுவிடுவார். இங்கே குடியிருப்பவர் சோடியம், விருந்தாளி குளுக்கோஸ். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உள்ளே போக இரண்டு சோடியம் துணை வரவேண்டும் என்பது பின்னர் தெரியவந்தது. அந்தக் கதவுக்கு இன்றைய பெயர் எஸ்ஜிஎல்டி-1.

இந்தக் கதவு காலரா நோயிலும் பழுதாவதில்லை. குளுக்கோஸும் சோடியமும் உள்ளே போகும்போது தண்ணீரும் கூடவே போகும். 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இளம் மருத்துவர்கள், குடிக்கக் கொடுக்கும் கரைசலால் காலரா நோயாளிகளைத் தேற்ற முடியும் என்று காட்டினார்கள். பெரிய சோதனை 1971இல் வந்தது. வங்கதேசப் போரின்போது எல்லையைத் தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் நரம்பு வழி ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று பொட்டலம் போட்டு, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. நம் வீட்டு மருந்துப் பெட்டியில் கிடக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்தப் பொட்டலத்தின் வாரிசு.

இனி அறுவைக் கூடத்துக்குப் போவோம். 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், உடல் எடையைக் குறைக்க முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார். பின்னர் அது ஆங்கில ‘ஒய்’ எழுத்து வடிவம் பெற்றது. ஒரு கிளையில் உணவு மட்டும் இறங்கும். இன்னொரு கிளையில் பித்தநீரும் கணைய நீரும் வரும். இரண்டும் கீழே சேர்ந்து ஒரே குழாயாகும்.

இந்த அறுவைக்குப் பின் சர்க்கரை நோயாளிகள் பலருக்கு, எடை இறங்குமுன்பே, சில நாட்களில் ரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டது. வட கரோலினாவின் கிரீன்வில் நகரில் வால்டர் போரீஸ் குழுவினர் 1995இல் கணக்கு வெளியிட்டார்கள். சர்க்கரை நோயோடு வந்த 146 பேரில் 121 பேருக்கு அளவு இயல்புக்குத் திரும்பியிருந்தது. யார் நினைத்திருப்பார்கள் என்று வியக்கும் தொனியில்தான் அந்தக் கட்டுரையின் தலைப்பே இருந்தது. குறைந்த சாப்பாடு, குறைந்த எடை, குடல் சுரக்கும் ஹார்மோன்கள் என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று உப்பு என்பது தெரியவர மேலும் 21 ஆண்டுகள் ஆயின.

2016இல் பிரான்சின் லீல் நகர ஆய்வாளர்கள் மினிப்பன்றிகளுக்கு பைபாஸ் செய்து பார்த்தார்கள். உணவு மட்டும் இறங்கும் கிளையில் குளுக்கோஸ் சரியாக உறிஞ்சப்படவில்லை. கதவு அங்கே இருந்தது. சோடியம்தான் மிகக் குறைவாக இருந்தது. குடலுக்குச் சோடியத்தைக் கொண்டுவருவதில் பித்தநீருக்குப் பெரிய பங்கு உண்டு, அது வேறு கிளையில் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கிளையில் பித்தநீரைச் சேர்த்தபோது குளுக்கோஸ் உள்ளே போனது. வெறும் சோடியத்தைச் சேர்த்தாலும் அதே விளைவு. சாப்பிட்ட பிறகு ரத்தச் சர்க்கரையும் கூடியது. பைபாஸுக்குப் பின் குடலில் குளுக்கோஸ் உறிஞ்சுதல் குறைவதை மனிதர்களிடமும் அவர்கள் உறுதிசெய்தார்கள்.

ஆக, பன்காவில் உயிர் காத்த அதே கதவு, பைபாஸ் செய்தவர் குடலில் துணையாள் இல்லாமல் பாதி மூடிக் கிடக்கிறது. சோறோடு சேர்ந்து இறங்கும் ஊறுகாய் அந்தத் துணையாளை அனுப்பிவைக்கக்கூடும். நண்பரின் கேள்விக்கு வரலாறு தரும் பதில் இதுதான்.

மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே தவறாகிவிடும். ஒன்று, மினிப்பன்றியிடம் கண்டதை மனிதருக்கான உணவு அட்டவணையாக எடுத்துக்கொள்ள முடியாது. எவ்வளவு உப்பு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்லவேண்டும். பெரியவர்கள் எல்லோருக்கும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரண்டு, ‘ஸ்லீவ்’ அறுவையில் இரைப்பையை மட்டும் சிறிதாக்குகிறார்கள், பித்தநீரின் பாதை மாறுவதில்லை. எனவே இந்தக் கணக்கு அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. எந்த அறுவை செய்தார்கள் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, இதைப் படித்துவிட்டு உப்பை அறவே விட்டுவிடாதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் ‘இதில் சர்க்கரையும் உப்பும் இருக்கிறதே’ என்று ஓ.ஆர்.எஸ்.ஸைத் தள்ளிவைக்கவும் வேண்டாம். உடனே மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். உடலில் நீர் வற்றுவது, ஒருவேளை சர்க்கரை ஏறுவதைவிட ஆபத்தானது.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பூங்காவில் விளக்கு போட்டுவிட்டார்கள். “அப்ப ஊறுகாய் பாட்டிலை என்ன சார் பண்றது?” என்றார். அது இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எனக்கு பிரஷர் என்பதால் என் மனைவி அதைத் திறக்கவிடுவதில்லை.